பிஎஸ்3 லாஞ்ச்ல விழுந்தும் எழுந்துச்சு, சேகா சாட்டர்ன் ஏன் எழல?

நீங்க கேட்டது இதான்: சோனியோட கேம் கன்சோல் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) லாஞ்ச் பெரிய சொதப்பல்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா கடைசி கணக்கு பாத்தா மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் 360 பக்கத்துல வந்து நின்னுடுச்சு, அப்போ லாஞ்ச்ல சொதப்பினா ஒண்ணும் ஆகாதா, ஒண்ணும் ஆகாதுன்னா சேகா கம்பெனியோட சாட்டர்ன் கன்சோல் மட்டும் ஏன் அப்படி தோத்துப் போச்சு, இப்போ ஒரு கன்சோல் இப்படி விழுந்தா எழுமா. இதுக்கு கீழ இன்னொரு கேள்வி இருக்குன்னு நினைக்கிறேன், விழுந்த கன்சோல தூக்கி நிறுத்துறது யாரு? கம்பெனியோட பணமா, வாங்குறவங்களா, கேம் பண்றவங்களா, இல்ல எதிர்ல இருக்கறவன் பண்ற தப்பா? அதுக்கு தான் பதில் சொல்லப் போறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் எங்க இருந்து பேசுறேன்னு முதல்லயே சொல்லிடறேன். 2008 கடைசியில இருந்து அஞ்சு வருஷம் பெங்களூர்ல ஒரு ஸ்டுடியோல வேலை பாத்தேன், 360ல ஏற்கனவே ஓடிட்டு இருக்கற கேம பிஎஸ்3ல ஓடற மாதிரி மாத்தி எழுதறது, அதாவது போர்ட் பண்றது தான் எங்க டீமோட முழுநேர பொழப்பு. அதனால மெஷினுக்குள்ள என்ன நடந்துச்சுங்கறத கைப்பட பாத்தவன்னு தைரியமா சொல்வேன். கம்பெனி போர்டு ரூம்ல யாரு என்ன நினைச்சாங்கங்கறதுக்கு நானும் உங்கள மாதிரி வெளியில நின்னு பாத்தவன் தான், அந்த இடம் வரும்போது இது என் கருத்துன்னு சொல்லிட்டு தான் சொல்வேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயங்கள். 360 வந்தது 2005 நவம்பர், 299 டாலர், 399 டாலர்னு ரெண்டு மாடல். பிஎஸ்3 வந்தது சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2006 நவம்பர் 11 ஜப்பான்லயும் 17 அமெரிக்காலயும், விலை 20 ஜிபி மாடல் 499, 60 ஜிபி மாடல் 599. பிஎஸ்1, பிஎஸ்2 ரெண்டுமே அமெரிக்கால 299க்கு வந்த பெட்டிங்க, அதுல இருந்து ஒரே தாவலா ரெண்டு மடங்கு. உள்ள இருக்கற ப்ளூ-ரே டிஸ்க் டிரைவுக்கு வேண்டிய ப்ளூ லேசர் டையோடு கிடைக்காம ஐரோப்பா லாஞ்ச் 2007 மார்ச்சுக்கு தள்ளிப் போச்சு. இதுக்கு நடுவுல 2006 நவம்பர் 19 அன்னைக்கு நின்டெண்டோ வீ 249 டாலருக்கு வந்து, வாழ்க்கையில கன்ட்ரோலரே தொடாத தாத்தா பாட்டி எல்லாரையும் டிவி முன்னாடி எழுந்து நிக்க வெச்சிடுச்சு.

2007 முழு வருஷம் அமெரிக்கால வித்தத பாருங்க, வீ கிட்டத்தட்ட 63 லட்சம், 360 சுமார் 46 லட்சம், பிஎஸ்3 சுமார் 25 லட்சம். அந்த லிஸ்ட்ல என்னை உலுக்கினது பிஎஸ்2, ஏழு வருஷ பழைய பெட்டி, அது கிட்டத்தட்ட 40 லட்சம் வித்துச்சு. அதாவது சோனியோட புது கன்சோல சோனியோட பழைய கன்சோலே தோக்கடிச்சிடுச்சு, இதுக்கு மேல ஒரு லாஞ்ச் எப்படி விழும் சொல்லுங்க.

ஏன் அவ்ளோ விலைன்னா உள்ள இருந்த சாமான் அப்படி. சோனி, டோஷிபா, ஐபிஎம் மூணு பேரும் சேர்ந்து பண்ண செல் ப்ராசசர், என்விடியா கிட்ட வாங்கின ஆர்எஸ்எக்ஸ் கிராபிக்ஸ் சிப், அப்போ தனி ப்ளேயரா வாங்கினாலே ஆயிரம் டாலர் கிட்ட போற ப்ளூ-ரே டிரைவ், பத்தாததுக்கு பழைய கேம் ஓடணும்னு பிஎஸ்2வோட சிப்பையே உள்ள வெச்சிருந்தாங்க. ஐசப்ளைன்னு ஒரு ஆய்வு நிறுவனம் பெட்டிய பிரிச்சுப் பாத்து ஒவ்வொண்ணும் பண்ண 800 டாலருக்கு மேல ஆகுதுன்னு சொன்னாங்க, அது வெளியில இருந்து போட்ட மதிப்பீடு தான், சோனி கொடுத்த கணக்கு இல்ல. ஆனா சோனியே ஒத்துக்கிட்ட கணக்கு ஒண்ணு இருக்கு, 2007 மார்ச்சோட முடிஞ்ச நிதியாண்டுல கேம் பிரிவு நஷ்டம் 23,230 கோடி யென், அடுத்த வருஷமும் 12,450 கோடி யென். பிளேஸ்டேஷனோட அப்பான்னு சொல்லப்படற கென் குட்டராகி, மக்கள் கூடுதல் நேரம் வேலை செஞ்சாவது இத வாங்கணும்னு நினைக்கணும்னு லாஞ்சுக்கு முன்னாடி பேசினவர், லாஞ்ச் ஆன அடுத்த மாசமே அவர் கையில இருந்த தலைவர் பொறுப்பு கஸ் ஹிராய் கிட்ட போச்சு, 2007 ஜூன்ல அவர் விலகியே போயிட்டார். எனக்கு அவர் மேல கோவம் கிடையாது, அந்த மெஷினோட லட்சியம் நிஜமாவே பெருசு, ஆனா அந்த லட்சியத்துக்கான பில்ல வாங்குறவன் தலையிலயும் எங்க தலையிலயும் கட்டினது தான் தப்பு.

எங்க தலையிலன்னா எப்படின்னு சொல்றேன், எனக்கு நல்லா தெரிஞ்ச இடம் இது தான். கல்யாண வீட்டு சமையல நினைச்சுக்கோங்க. சமையல்காரங்கன்னா ப்ராசசருக்குள்ள கணக்கு போடற பகுதிங்க. 360ல ஒரே மாதிரி மூணு சமையல்காரங்க, ஒரே அடுப்படி, 512 எம்பி மெமரிங்கற ஒரே ஸ்டோர் ரூம், யாரு வேணா எத வேணா கைநீட்டி எடுத்துக்கலாம், கிராபிக்ஸ் சிப்பும் அதே ஸ்டோர் ரூம்ல இருந்து தான் எடுக்கும். பிஎஸ்3ல ஒரு தலைமை சமையல்காரர், அவருக்கு ஆறு உதவியாள். சிப்புல மொத்தம் எட்டு உதவியாள், அதுல ஒண்ணு பழுதா வந்தாலும் சிப்ப தூக்கிப் போட வேண்டாம்னு ஒண்ண அணைச்சிருப்பாங்க, இன்னொண்ண ஆபரேட்டிங் சிஸ்டம் எடுத்துக்கும், மிச்சம் தான் நமக்கு ஆறு. இந்த ஆறு பேரும் காய் நறுக்குறதுல அசுர வேகம், ஆனா ஒவ்வொருத்தரும் தனித்தனி சின்ன ரூம்ல, 256 கேபி மட்டுமே இடம், அவங்க கத்தியும் அதுக்குள்ள தான் காயும் அதுக்குள்ள தான். ஸ்டோர் ரூமுக்கு அவங்களால கைநீட்ட முடியாது, இவ்ளோ காய் அனுப்புன்னு முன்கூட்டியே சொல்லி வரவழைச்சு, நறுக்கி, திருப்பி அனுப்பணும். ஸ்டோர் ரூமும் ரெண்டா பிரிஞ்சு கெடக்கும், ப்ராசசர் பக்கம் 256, கிராபிக்ஸ் பக்கம் 256. அதோட ஆபரேட்டிங் சிஸ்டம் பிடிச்சு வெச்சிருந்த இடமும் 360ஐ விட அதிகம்.

இப்போ 360ல மூணு வருஷமா எழுதின கோட் உங்க கைக்கு வருது. அதுல ஒவ்வொரு பொருளும் இன்னொரு பொருள காட்டும், அது வேற ஒண்ண காட்டும், மெமரி முழுக்க சிதறிக் கெடக்கும். இத அப்படியே கொண்டு வந்தா எல்லா வேலையும் அந்த ஒரே தலைமை சமையல்காரர் தலையில விழும், ஆறு பேரும் சும்மா உக்காந்திருப்பாங்க, கேம் திக்கித் திக்கி ஓடும். நான் சேர்ந்த முதல் ப்ராஜெக்ட்ல அனிமேஷன் பகுதிய மட்டும் அந்த ஆறு பேருக்கு பிரிச்சுக் கொடுக்க எங்களுக்கு நாலு மாசம் ஆச்சு, ஏன்னா மொதல்ல டேட்டாவ வரிசையா அடுக்கணும், அப்புறம் துண்டு போடணும், அதுக்கப்புறம் தான் கோடே எழுத ஆரம்பிக்க முடியும். ராத்திரி ரெண்டு மணிக்கு அது முதல் தடவை தடங்கல் இல்லாம ஓடினப்போ நாங்க நாலு பேரும் கைதட்டினது இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா காசு போட்டு கேம வெளியிடற பப்ளிஷர் கண்ணுல பாத்தா அந்த நாலு மாசம் வெறும் செலவு, 360ல இருக்கற அதே கேம் தான், புதுசா ஒண்ணும் கிடைக்கல. 2007 கடைசியில வந்த ஆரஞ்ச் பாக்ஸ் கேம் தொகுப்போட பிஎஸ்3 வெர்ஷன் தடுமாறினது, 2011ல ஸ்கைரிம் பிஎஸ்3ல சேவ் ஃபைல் வளர வளர திணறினது, இதெல்லாம் வெளில தெரிஞ்ச உதாரணம். அந்த மெஷின்ல வேலை செஞ்சவங்க யாரும் அத பாத்து ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாங்க.

அப்போ இவ்ளோ கஷ்டம்னா பப்ளிஷருங்க விட்டுட்டுப் போயிருக்கணுமே, ஏன் போகல? என் பதிலோட உயிர்நாடி இது தான், நல்லா கவனிங்க. ஹெச்டி வந்ததும் கேம் பண்ற செலவு தாறுமாறா ஏறிடுச்சு, அந்த காச 360 வெச்சிருந்தவங்ககிட்ட மட்டும் வித்து எடுக்க பெரும்பாலான பப்ளிஷருங்களால முடியல. வீ எல்லாரையும் விட அதிகம் வித்துச்சு தான், ஆனா அதோட பலம் முந்தின தலைமுறை கன்சோல் அளவு தான், ஹெச்டி கேம அதுல இறக்கவே முடியாது. ஆக ஹெச்டி கேமுக்கு டிவி முன்னாடி ரெண்டே வீடு தான் இருந்துச்சு, 360, பிஎஸ்3. ரெண்டாவது வீட்டோட வாசப்படி எவ்ளோ ஏறக் கஷ்டமா இருந்தாலும் ஏறித்தான் ஆகணும். பிஎஸ்2 காலத்துல முதல்ல சோனிக்கு மட்டும்னு வந்த ஜிடிஏ, நாலாவது பாகத்துல 2008 ஏப்ரல் 29 அன்னைக்கு ரெண்டு பெட்டிக்கும் ஒரே நாள்ல வந்துச்சு. ஃபைனல் ஃபேன்டசி 13, 360க்கும் வரும்னு அதே வருஷம் சொன்னாங்க. அன்னைக்கு எல்லாரும் சோனி கோட்டை இடிஞ்சுதுன்னு பேசினாங்க, அது உண்மை தான், ஆனா அதே காரணத்தால 360 ஆளுங்க கிட்ட மட்டும் இருக்கற பெரிய கேமும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. வீ ஜெயிச்சது சோனிக்கு அடின்னு தான் எல்லாரும் எழுதுவாங்க, என் பார்வையில வீயோட பலம் குறைவா இருந்தது பிஎஸ்3 உயிர மறைமுகமா காப்பாத்துச்சு. இத நம்பர் போட்டு நிரூபிக்க முடியாது, ஆனா எங்களுக்கு வேலை வந்த விதத்த பாத்தவனா உறுதியா நம்புறேன்.

சாட்டர்ன் கதைய இங்க வெச்சுப் பாருங்க. 1995 மே மாசம் லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்த முதல் இ3 கேம் கண்காட்சியில, செப்டம்பர் 2 வரும்னு சொல்லி வெச்சிருந்த சாட்டர்ன, சேகா அமெரிக்கா தலைவர் டாம் கலின்ஸ்கி இன்னைக்கே கடையில கிடைக்குதுன்னு அறிவிச்சார், விலை 399. கொஞ்ச நேரத்துல சோனி மேடையில அவங்க அமெரிக்க கேம் பிரிவோட ஸ்டீவ் ரேஸ் ஏறி பிளேஸ்டேஷன் விலையா 299ங்கற ஒரே நம்பர சொல்லிட்டு இறங்கிட்டார். அந்த நம்பர் மட்டும் தான் சாட்டர்ன கொன்னுச்சுன்னு நிறைய பேர் சொல்வாங்க, நான் அப்படி நினைக்கல. திடீர்னு முன்னாடியே வித்ததுல, செப்டம்பர நம்பி கேம் பண்ணிட்டு இருந்த வெளி கம்பெனிங்க கையில ஒண்ணும் ரெடியா இல்ல. ஒரு சில கடைக்கு மட்டும் சரக்கு போனதால மிச்ச கடைக்காரங்க கடுப்பாயிட்டாங்க, கேபி டாய்ஸ்ங்கற பொம்மைக்கடை கம்பெனி சேகா சரக்கையே வேண்டாம்னு ஒதுக்கிட்டாங்க. அதுக்கு அரை வருஷம் முன்னாடி தான் பழைய சேகா கன்சோல் மேல மாட்டற 32எக்ஸ்னு ஒரு கூடுதல் பெட்டிய வித்து வாங்கினவங்களயும் ஏமாத்தி வெச்சிருந்தாங்க. சாட்டர்னும் கோட் எழுதக் கஷ்டமான பெட்டி தான், ரெண்டு ஹிட்டாச்சி ப்ராசசர், 3டி படத்த மத்தவங்க முக்கோணத்துல வரையும்போது இது நாற்கோணத்துல வரையும். பிஎஸ்3க்கும் இதுக்கும் அதுல பெரிய வித்தியாசம் இல்ல. வித்தியாசம் எங்கன்னா, 1997ல ஒரு பப்ளிஷருக்கு பிஎஸ்1 மட்டுமே போதும், ரெண்டாவது வீடு தேவைப்படல. அதே வருஷ இ3ல சேகா அமெரிக்காவோட பெர்னி ஸ்டோலரே சாட்டர்ன் எங்க எதிர்காலம் இல்லன்னு வெளிப்படையா சொல்லிட்டார், சொந்தக்காரனே அப்படி சொன்ன பெட்டிக்கு வெளியாள் எதுக்கு கேம் பண்ணுவான். உலகம் முழுக்க சாட்டர்ன் ஒரு கோடியத் தொடாமலே முடிஞ்சுது. அதுக்கு அடுத்த ட்ரீம்காஸ்ட் நல்ல மெஷின், நல்ல விலை, நல்ல லாஞ்ச், ஆனா அதுக்குள்ள கையில காசும் இல்ல, கடைக்காரன் நம்பிக்கையும் இல்ல, 2001 ஜனவரியில நிறுத்தறோம்னு சொல்லிட்டாங்க. எனக்கு இன்னைக்கும் மனசு வலிக்கற மெஷின் அது.

சோனி செஞ்ச மறுவேலை என்னன்னு பாத்தா பெருமையா உள்ள வெச்சத எல்லாம் ஒவ்வொண்ணா வெளிய எடுத்தது தான். 2007 ஜூலைல 60 ஜிபிக்கு நூறு டாலர் குறைச்சாங்க. அந்த வருஷக் கடைசியில வந்த 40 ஜிபி மாடல்ல பிஎஸ்2 கேம் ஓடறதயே எடுத்துட்டாங்க, நாலு யூஎஸ்பிய ரெண்டாக்கினாங்க, விலை 399. பிஎஸ்2 கேம் அலமாரி முழுக்க வெச்சிருந்தவங்க கொதிச்சாங்க, நியாயமான கோவம் தான், ஆனா அந்த சிப்ப எடுக்காம விலை இறங்கியிருக்காது. 2009 செப்டம்பர்ல ஸ்லிம் மாடல் 299க்கு வந்துச்சு பாருங்க, முதல் நாள்ல வந்திருக்க வேண்டிய விலைக்கு மூணு வருஷம் கழிச்சு வந்து சேர்ந்தாங்க, நிஜமான லாஞ்ச் அது தான்னு நான் சொல்வேன். இதே நேரத்துல எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எட்ஜ்னு ஒரு டூல் செட் கொடுத்தாங்க, ஆர்எஸ்எக்ஸ் தடுமாறுற வேலைய அந்த ஆறு உதவியாள் கிட்ட எப்படித் தள்ளுறதுன்னு ஏற்கனவே எழுதி வெச்ச கோட், அது கைக்கு வந்ததும் எங்க வேலை பாதி சுலபமாச்சு. அன்சார்ட்டட் 2, 2010ல காட் ஆஃப் வார் 3 எல்லாம் வந்தப்போ தான் அந்த மெஷினால என்ன முடியும்னு வெளில தெரிஞ்சுது, காட் ஆஃப் வார்ல ஓரங்கள மழுங்க வைக்கற வேலையக்கூட கிராபிக்ஸ் சிப்புல இருந்து எடுத்து செல்லுக்கு கொடுத்திருந்தாங்க.

எதிராளி தப்பும் உதவிச்சு. 360ல சிவப்பு வளையம் எரிஞ்சு செத்துப் போற பிரச்சனைக்கு 2007 ஜூலைல மைக்ரோசாஃப்ட் வாரண்டிய மூணு வருஷமாக்கி, அதுக்குன்னு 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்க வேண்டி வந்துச்சு. ஆன்லைன்ல விளையாட 360ல காசு கட்டணும், பிஎஸ்3ல இலவசம். ஹெச்டி படம் எந்த டிஸ்க்ல வரும்ங்கற ப்ளூ-ரே போட்டியும் முடிஞ்சுது, 2008 ஜனவரியில வார்னர் படக் கம்பெனி ப்ளூ-ரே பக்கம் போனதும் அடுத்த மாசம் டோஷிபா போட்டி டிஸ்க்கான ஹெச்டி டிவிடிய கைவிட்டாங்க. இந்த ப்ளூ-ரே வெற்றி அந்த ஆயிரக்கணக்கான கோடி நஷ்டத்துக்கு ஈடாச்சான்னா, ஆகலன்னு தான் நான் நினைக்கிறேன், ஆளுங்க சீக்கிரமே ஸ்ட்ரீமிங் பக்கம் போயிட்டாங்க, ஆனா இதுல மாத்துக் கருத்து சொல்றவங்க கிட்டயும் நல்ல வாதம் இருக்கு. அப்புறம் ஜப்பான் கணக்கையும் விடக்கூடாது, அங்க 360 கடைசி வரைக்கும் 20 லட்சத்த தொடல, பிஎஸ்3 ஒரு கோடி கிட்ட போச்சு.

ஆனா எழுந்துச்சுன்னு சொல்றப்போ எவ்ளோ எழுந்துச்சுன்னும் பாக்கணும். பிஎஸ்3 மொத்தம் 8.7 கோடிக்கு மேல, 360க்கு மைக்ரோசாஃப்ட் கடைசியா சொன்ன நம்பர் 8.4 கோடி, அதுக்கப்புறம் வித்தத அவங்க சொல்லல, அதனால பிஎஸ்3 ஜெயிச்சுதுன்னு அடிச்சு சொல்றவங்கள நம்பாதீங்க, கிட்டத்தட்ட சமம்னு சொல்றது தான் நேர்மை. வீ 10 கோடிய தாண்டுச்சு. பிஎஸ்2 வித்தது 15.5 கோடிக்கு மேல. அத்தனை பெரிய முன்னிலைய கையில வெச்சுக்கிட்டு வந்தவங்க அதுல கிட்டத்தட்ட பாதிய தொலைச்சிட்டு எதிராளியோட சமமா நின்னாங்க. இதுக்குப் பேரு உயிர் பிழைச்சது.

கடைசியா, இப்போ ஒரு கன்சோல் இப்படி விழுந்தா எழுமான்னு கேட்டிருந்தீங்க. 2013ல இது திரும்ப நடந்துச்சு, ஆளு மட்டும் மாறிப் போச்சு. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499, பிஎஸ்4 399, பழைய டிஸ்க விக்கறதுக்கும் கட்டுப்பாடு போட்டு, எதிர்ப்பு கிளம்பி, ஒரே வாரத்துல மைக்ரோசாஃப்ட் பின்வாங்கினாங்க, அடுத்த வருஷம் கூடவே வித்த கினெக்ட் கேமராவ வெளிய எடுத்து விலையையும் 399க்கு கொண்டு வந்தாங்க. சோனி 2007ல செஞ்ச அதே வைத்தியம், அத விட வேகமா செஞ்சாங்க. பிஎஸ்4 அப்போ அத வடிவமைச்ச மார்க் செர்னி தலைமையில, 8 ஜிபிக்கு ஒரே ஸ்டோர் ரூம், பிசி மாதிரி ப்ராசசர், நாங்க அஞ்சு வருஷம் பட்ட பாடு எதுவும் இல்லாத பெட்டியா வந்துச்சு. முடிவுல பிஎஸ்4 11.7 கோடி, எக்ஸ்பாக்ஸ் ஒன் அதுல பாதி கூட இல்லன்னு மைக்ரோசாஃப்டே 2022ல பிரேசில் அதிகாரிங்க கிட்ட எழுதிக் கொடுத்தாங்க. அதே வைத்தியம் ஏன் இந்த தடவை பலிக்கலன்னா, 2007ல ஆளுங்க கையில இருந்தது டிஸ்க், கடையில போட்டுட்டு அந்தப் பக்கம் தாவிடலாம், 2014க்கு அப்புறம் வாங்கின கேம் எல்லாம் அக்கவுண்டுக்குள்ள போய் உக்காந்துடுச்சு. தோக்கக்கூடாத தலைமுறையில தோத்துட்டோம், அப்போ தான் மக்கள் டிஜிட்டல் கலெக்‌ஷன் சேர்த்தாங்கன்னு எக்ஸ்பாக்ஸ் தலைவரா இருந்த ஃபில் ஸ்பென்சரே 2023ல சொல்லியிருக்கார். அதனால பிஎஸ்3க்கு கிடைச்ச அந்த மூணு வருஷ அவகாசம் இன்னைக்கு யாருக்கும் கிடைக்காதுன்னு நினைக்கிறேன். நீங்க வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கற பெட்டி எதுவா இருந்தாலும், அடுத்த கிறிஸ்மஸ் சீசனுக்கு வெளி பப்ளிஷருங்க எத்தனை பெரிய கேம் அதுக்கு அறிவிக்கறாங்கன்னு மட்டும் பாருங்க, லாஞ்ச் வார நம்பர விட அதுல இருந்து உங்களுக்கு நிறைய தெரியும்.